ரத்த எண்ணிக்கை சரியாகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

காசிமேட்டிலிருந்து 31 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவருக்கு வயது 36. விசைப்படகில் டிரைவர். கடந்த ஆகஸ்டில் இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். ராத்திரியில் பனியன் நனையும் அளவுக்கு வியர்த்தது. செப்டம்பரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 2,14,000. மண்ணீரல் வீங்கியிருந்தது. ‘பிசிஆர்-ஏபிஎல்1 பாசிட்டிவ், க்ரானிக் மைலாய்ட் லுக்கீமியா’ என்று, அதாவது ஒரு வகை ரத்தப் புற்று என்று, ரிப்போர்ட் வந்தது. அரசு மருத்துவமனையில் இமாட்டினிப் 400 மி.கி. மாத்திரை, தினம் ஒன்று, தொடங்கினார்கள். இரண்டே மாதத்தில் வெள்ளை அணுக்கள் 6,800-க்கு இறங்கின. நவம்பர் நடுவில் மீண்டும் கடலுக்குப் போகத் தொடங்கினார். டிசம்பரில் எடுத்த மூன்றாவது மாதப் பரிசோதனையில் கோளாறான ஜீனின் அளவு 14 சதவீதம் என்று வந்தது. அடுத்த பரிசோதனை மார்ச்சில்.

ஒரு முறை போனால் எட்டு, பத்து நாள். மாதத்தில் இரண்டு முறை. வாந்தி வருகிறது என்று கடலில் இருக்கும் நாட்களில் மாத்திரையைத் தொடுவதே இல்லை. இதை மருத்துவரிடம் சொல்லவும் இல்லை. “கவுன்ட் நார்மல் ஆயிடுச்சு, இனிமே எதுக்கு?” என்கிறார். மாமியார் நாட்டு மருந்து வாங்கி வைத்திருக்கிறார்; தன் மகனுக்கு, அதாவது இவர் கணவருக்கு, தட்டும் டம்ளரும் தனி. ரிப்போர்ட்டில் ‘ஜீன்’ என்று இருப்பது உறவினர் காதுக்குப் போய், நாத்தனாருக்குப் பேசிவந்த சம்பந்தம் தடுமாறுகிறது. ஒன்பது வயது மகனுக்கும் ஐந்து வயது மகளுக்கும் இது வருமா, மணலி, எண்ணூர்ப் புகைதான் காரணமா, அரசு மருத்துவமனை மாத்திரை தரமில்லாததால்தான் 14 சதவீதமா, எலும்பு மஜ்ஜை மாற்றுக்காக வீட்டை விற்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் வேறு எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்றுதான். உங்கள் கணவர் மாத்திரை போடாத நாட்களைப் பற்றி அவருடைய மருத்துவருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் மார்ச் பரிசோதனைக்குப் போகாதீர்கள். ஏன் என்று விளக்குகிறேன். அதற்கு முன் இந்த ஜீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் நடக்கும் பாதிக் குழப்பம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஏபிஎல்1 என்பது என்ன?

ஏபிஎல்1 என்ற ஜீன் உங்கள் கணவருக்கு மட்டும் உள்ளது அல்ல. உங்களுக்கும் இருக்கிறது, உங்கள் குழந்தைகளுக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஒன்பதாவது குரோமோசோமில் உட்கார்ந்துகொண்டு, டைரோசின் கைனேஸ் என்ற வகை நொதியைத் தயாரிக்கும் ஜீன் அது. மற்றப் புரதங்களின் மீது பாஸ்பேட் என்ற சிறு துண்டை ஒட்டுவது அந்த நொதியின் வேலை. அந்தத் துண்டு ஒட்டினால் ‘வளர்’, ‘பிரி’ போன்ற உத்தரவுகள் செல்லுக்குள் பரவும். ஆரோக்கியமான செல்லில் இந்த நொதி பெரும்பாலான நேரம் தன்னைத் தானே மடித்துக்கொண்டு சும்மா இருக்கும். தேவைப்படும்போது மட்டும் விரிந்து வேலை செய்யும்.

உங்கள் கணவரின் எலும்பு மஜ்ஜையில், ரத்தம் உற்பத்தி செய்யும் ஒரு தாய்ச் செல்லில், ஏதோ ஒரு நாள் ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவது குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. ஏபிஎல்1 போய் பிசிஆர் என்ற இன்னொரு ஜீனோடு சேர்ந்துகொண்டது. அப்படிச் சேரும்போது, நொதியை மடித்து வைத்திருந்த முன்பகுதி கழன்றுவிட்டது. போதாக்குறைக்கு, பிசிஆர் பகுதி இந்தப் புரதங்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து, ஒன்றையொன்று முடுக்கிவிட வைக்கிறது. இப்போது அந்த நொதிக்கு ஓய்வே கிடையாது. அந்த ஒரு செல் பெருகிப் பெருகித்தான் 2,14,000 வந்தது. இப்படி இடம் மாறியதால் குட்டையாகிப்போன இருபத்திரண்டாவது குரோமோசோமை 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர் கண்டார்கள். அதனால்தான் சில ரிப்போர்ட்டுகளில் ‘பிலடெல்பியா குரோமோசோம்’ என்று எழுதியிருக்கும். துண்டுகள் இடம் மாறிய விஷயத்தை 1973-இல் ஜேனட் ரௌலி கண்டுபிடித்தார்.

இமாட்டினிப் செய்வது இதுதான்: பாஸ்பேட்டை எடுத்துக்கொடுக்கும் ஏடிபி என்ற மூலக்கூறு அந்த நொதியில் உட்காரும் குழி ஒன்று இருக்கிறது. மாத்திரை அந்தக் குழியில் போய் உட்கார்ந்து இடத்தை அடைத்துவிடுகிறது. மாத்திரை ரத்தத்தில் இருக்கும்வரைதான் அந்த அடைப்பு இருக்கும். ஒரு நாள் மாத்திரையின் வேகம் ஏறத்தாழ ஒரு நாளுக்குத்தான் தாங்கும். நாலைந்து நாள் விட்டால் குழி காலியாகிவிடும், நொதி மறுபடி ஓடத் தொடங்கிவிடும்.

குழந்தைகளுக்கும் நாத்தனாருக்கும் வருமா?

வராது. மேலே சொன்ன உடைப்பு நடந்தது உங்கள் கணவருடைய மஜ்ஜைச் செல்லில் மட்டும். அவர் பிறக்கும்போது அது இல்லை. அவருடைய விந்தணுவில் அது இல்லை. அப்பா, அம்மாவிடமிருந்து அவருக்கு வந்ததும் இல்லை, ஆகவே தங்கைக்கும் அதில் பங்கு இல்லை. ‘ஜீன்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் ‘பரம்பரை’ என்று நினைப்பது இயல்புதான். ஆனால் ஜீன் கோளாறுகளில் பிறவியிலேயே உடல் முழுக்க இருப்பவை வேறு, வாழும் காலத்தில் ஒரு செல்லில் நேர்பவை வேறு. இது இரண்டாவது வகை.

குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யவே செய்யாதீர்கள். தேவையில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு: மிக நுட்பமான முறையில் தேடினால், எந்த நோயும் இல்லாத சிலருடைய ரத்தத்திலும் பிசிஆர்-ஏபிஎல்1 துளியளவு தென்படுவதுண்டு. பெரும்பாலோருக்கு அது நோயாக மாறுவதே இல்லை. காரணமில்லாமல் பரிசோதித்து அப்படி ஒரு முடிவு கையில் வந்தால், இருக்கும் நிம்மதியும் போய்விடும்.

சம்பந்தம் விஷயத்தில் உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. அண்ணனின் நோயை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அது அவருடைய சொந்த மருத்துவ விவரம், மருத்துவமனையும் அதை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் உங்கள் விஷயத்தில் செய்தி ஏற்கெனவே கசிந்துவிட்டது. மறைப்பது இனி சந்தேகத்தைத்தான் வளர்க்கும். ஆகவே, உங்கள் கணவரும் நாத்தனாரும் ஒப்புக்கொண்டால், சிகிச்சை தரும் மருத்துவரிடம் ‘இது பரம்பரையாக வரும் நோய் அல்ல, உடன்பிறந்தவர்களுக்குப் பரிசோதனை தேவையில்லை’ என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பெரியவர் ஒருவர் நேரில் கொண்டுபோய்ப் பேசட்டும். முடிவு நாத்தனாருடையதாக இருக்கட்டும்.

தட்டு, டம்ளர் விஷயமும் இதோடு தீர்ந்துவிடுகிறது. இது தொற்று நோய் அல்ல. எச்சில், வியர்வை, தாம்பத்தியம் எதன் வழியாகவும் பரவாது. இமாட்டினிப் சாப்பிடும் ஆண்களுக்குப் பிறக்கும் குழந்தைகளிடம் குறைபாடு கூடுவதாக இதுவரை தெரியவரவில்லை. பெண் நோயாளிகளுக்கு நிலைமை வேறு; அவர்கள் இந்த மாத்திரையோடு கருத்தரிக்கக் கூடாது. நீங்கள் கருத்தரிக்கும் வாய்ப்பு இருந்தால், உடைந்த மாத்திரையையோ அதன் தூளையோ வெறும் கையால் தொடாதீர்கள். அவரே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும்.

6,800 எதைச் சொல்கிறது, 14 சதவீதம் எதைச் சொல்கிறது?

உங்கள் கணவர் 6,800-ஐப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று நினைக்கிறார். மருத்துவர் 14-ஐப் பார்த்துக் கவலைப்பட்டிருப்பார். இரண்டும் ஒரே மனிதருடைய ரத்தம்தான், அளப்பது வேறு வேறு விஷயம். வெள்ளை அணு எண்ணிக்கை என்பது மொத்தத் தலைகளை எண்ணுவது மட்டும். அது சரியாகும் கட்டத்திலும் மஜ்ஜையில் நோய்ச் செல்கள் ஏராளமாக மிச்சம் இருக்கும். இன்னொரு பரிசோதனை, கொரோனா காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட ஆர்டி-பிசிஆர் முறையில், அந்தக் கோளாறான ஜீனின் நகல்கள் எவ்வளவு என்று அளக்கிறது. (ஜீனின் பெயரில் வரும் பிசிஆர் வேறு, பரிசோதனையின் பெயரில் வரும் பிசிஆர் வேறு, குழம்ப வேண்டாம் என்பதற்காக இதை இனி ‘அளவுப் பரிசோதனை’ என்றே எழுதுகிறேன்.)

அளவுப் பரிசோதனைக்கு உலகம் முழுவதும் ஒரே அளவுகோல் இருக்கிறது. மருந்து தொடங்கி மூன்றாவது மாதத்தில் 10 சதவீதத்துக்குள் வர வேண்டும். ஆறாவது மாதத்தில் 1 சதவீதத்துக்குள். பன்னிரண்டாவது மாதத்தில் 0.1 சதவீதத்துக்குள். 14 என்பது முதல் படியைத் தாண்டவில்லை என்று பொருள். அது எச்சரிக்கைதான், தோல்வி அல்ல. ஆனால் ஆறாவது மாதத்திலும் 10-க்கு மேல் இருந்தால், அதைத் தோல்வி என்றே எடுத்துக்கொள்வார்கள், மருந்தை மாற்றுவார்கள்.

இங்கேதான் மறைத்த விஷயம் வினையாகும். மாதத்தில் பதினாறு முதல் இருபது நாள் மாத்திரை போடவில்லை என்றால், மருந்தில் பாதிகூட உள்ளே போகவில்லை. அது தெரியாத மருத்துவர் ‘இமாட்டினிப் இவருக்கு வேலை செய்யவில்லை’ என்றுதான் முடிவு செய்வார். உடனே டாசாட்டினிப், நிலோட்டினிப் போன்ற அடுத்த மருந்துக்குப் போவார். விலை கூடலாம், பக்கவிளைவுகளும் வேறு: டாசாட்டினிப்பில் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளலாம், நிலோட்டினிப்பை வெறும் வயிற்றில் தினம் இரண்டு வேளை போட வேண்டும், இதய ரத்தக்குழாய்களைக் கவனிக்க வேண்டும். கடலில் தினம் ஒரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதே முடியாதவர், இரண்டு வேளை வெறும் வயிற்றில் எப்படிப் போடுவார்? அந்த மருந்தும் ‘வேலை செய்யாமல்’ போகும்.

இதில் இன்னொரு ஆபத்து, விட்டு விட்டுப் போடும்போது மருந்துக்கு அடங்காத செல்கள் மேலெழும்ப இடம் கிடைப்பது. நொதியின் அந்தக் குழி லேசாக உருமாறிவிட்டால் மாத்திரை அதில் உட்கார முடியாது. டி315ஐ என்ற உருமாற்றம் வந்தால் இமாட்டினிப், டாசாட்டினிப், நிலோட்டினிப் மூன்றுமே பலிக்காது. பொனாட்டினிப், அசிமினிப் போன்றவற்றைத்தான் தேட வேண்டிவரும். லண்டனில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இமாட்டினிப் சாப்பிடுவோரின் மாத்திரைப் புட்டிகளில் மின்னணு மூடி பொருத்திக் கண்காணித்தது. போட வேண்டியதில் 90 சதவீதத்துக்கு மேல் போட்டவர்களில் பெரும்பாலோர் 0.1 சதவீதத்தை எட்டினார்கள். 80 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ போட்டவர்களில் ஒருவர்கூட எட்டவில்லை. 90 சதவீதம் என்றால் மாதத்தில் மூன்று நாள் தவறலாம் என்ற கணக்கு. உங்கள் கணவர் தவறுவது அதைப் போல ஐந்தாறு மடங்கு.

ஆகவே அவரைத் திட்டாதீர்கள், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நவம்பரிலிருந்து எந்தெந்தத் தேதிகளில் கடலில் இருந்தார் என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். எந்த மருத்துவரும் இதற்காகச் சிகிச்சையை மறுக்க மாட்டார். சிலர் சத்தம் போடலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலில் மாத்திரை: எப்படிப் போடுவது?

இமாட்டினிப் வயிற்றின் உள்சுவரை எரிக்கும் மருந்து. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். கடல் அலை வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அன்றைய சாப்பாட்டில் எது பெரியதோ அதைச் சாப்பிடும்போதோ, முடித்த கையோடோ, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, அதாவது 200 மில்லிக்குக் குறையாமல், மாத்திரையைப் போட வேண்டும். படகில் சோறும் குழம்பும் ஆகி எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் வேளை எதுவோ அதுதான் அவருடைய மாத்திரை வேளை. போட்டதும் படுக்கக் கூடாது, ஒன்றிரண்டு மணி நேரமாவது நிமிர்ந்திருக்க வேண்டும். வலை இழுத்து முடித்துத் தூங்கப் போகும் நேரத்தில் போட்டால் நெஞ்சு எரியும், வாந்தியும் வரும். அவருக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

முழுதாக விழுங்க முடியாவிட்டால், 400 மி.கி. மாத்திரையை 200 மில்லி தண்ணீரில் போட்டுக் கரண்டியால் கலக்கிக் கரைந்ததும் உடனே குடிக்கலாம். கரைத்து வைத்துவிட்டு அப்புறம் குடிப்பது கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் குமட்டினால், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வாந்தித் தடுப்பு மாத்திரையை மருத்துவர் எழுதித் தருவார், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டு வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று போட வேண்டாம், மறுநாள் வழக்கம்போல ஒன்று போதும். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போடுவதும் தப்பு.

மாத்திரையை அட்டையிலிருந்து பிய்த்துப் புட்டியில் கொட்டி எடுத்துப்போக வேண்டாம். அட்டையோடு, இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் படாத இடத்தில் வைக்கட்டும். எஞ்சின் அறைச் சூடும் ஆகாது, ஐஸ் போட்ட மீன் அறையும் ஆகாது. பத்து நாள் பயணம் என்றால் பதினைந்து மாத்திரை. காற்று மாறிக் கரைக்கு வர நாளானால் கைவசம் இருக்கும். படகில் கூட வரும் ஒருவரிடமாவது நோயைச் சொல்லிவைக்க வேண்டும். ஓனரிடம் சொல்வது அவர் விருப்பம், ஆனால் நடுக்கடலில் காய்ச்சல் வந்தால் ஏன் உடனே திரும்ப வேண்டும் என்று தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும்.

உடம்பில் வேறு சிலவும் நடக்கும். காலையில் கண் இமை உப்பும், கால் வீங்கும். இந்த மருந்து உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் கொஞ்ச நாளுக்கு வெகுவாகக் குறைத்துப் பாருங்கள், வீக்கம் குறையலாம். சில நாட்களுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே காட்ட வேண்டும். கெண்டைக்காலிலும் விரல்களிலும் நரம்பு இழுப்பது போல் சுளுக்கும். வலை இழுக்கும்போது அது ஆபத்து, தண்ணீர் குடிக்கட்டும். தோல் நிறம் வெளுக்கலாம், நம் ஊரில் பலர் இதைப் பார்த்து வெண்குஷ்டம் என்று பயந்துவிடுகிறார்கள். இமாட்டினிப் ஏபிஎல்1-ஐ மட்டுமல்லாமல் கிட் என்ற இன்னொரு கைனேஸையும் அடைக்கும். தோலுக்கு நிறம் தரும் செல்களுக்கு அந்த கிட் தேவை. அதனால் வருவது இது, வேறு எதுவும் இல்லை.

வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகளில் கவனம் வேண்டும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வேண்டாம். பாராசிட்டமாலையும் இஷ்டத்துக்குப் போடக் கூடாது. இமாட்டினிப்போடு சேர்ந்து கல்லீரலைப் பாதிக்கலாம். கரைக்கு வந்ததும் குடிக்கும் பழக்கம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் அதே கல்லீரலைத்தான் தாக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாய்ன், கார்பமஸெபைன் ஆகியவை இமாட்டினிப்பை வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் அதற்கு நேரெதிராக அளவை ஏற்றிவிடும். பம்பளிமாஸ் பழமும் வேண்டாம். எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும் முதலில் ‘இமாட்டினிப் சாப்பிடுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று பழைய ரிப்போர்ட்டில் பாருங்கள், இல்லையென்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இந்த வகை மருந்துகளில் அந்த வைரஸ் மறுபடி தலைதூக்கக்கூடும்.

நாட்டு மருந்து பற்றி: மாமியார் மகன் மீதுள்ள பாசத்தில் செய்கிறார், அதை அப்படியே மதியுங்கள். ஆனால் என்ன சேர்த்திருக்கிறது என்று லேபிளில் எழுதாத சூரணமோ லேகியமோ வேண்டாம். அதில் உலோகம் இருந்தால் கல்லீரலும் சிறுநீரகமும் தாங்காது. மூலிகைகள் சில ரிஃபாம்பிசின் செய்யும் வேலையைச் செய்யும். கல்லீரல் அளவுகள் ஏறிவிட்டால், காரணம் எது என்று தெரியாமல் மருத்துவர் முதலில் இமாட்டினிப்பைத்தான் நிறுத்துவார். புட்டியை எடுத்துக்கொண்டு மாமியாரையே மார்ச்சில் கூட்டிப் போங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் அவருக்கும் மனம் ஆறும்.

அரசு மருத்துவமனை மாத்திரை மட்டமானதா?

இல்லை. 14 சதவீதத்துக்கு மாத்திரையைக் குறை சொல்லும் முன், போடாத நாட்களைக் கணக்கில் எடுங்கள். பெயர் பெற்ற கம்பெனி மாத்திரையிலும் இருப்பது அதே இமாட்டினிப்தான். இது இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கே நம் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. இந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2001-இல் ஒப்புதல் கிடைத்தது. நோவார்ட்டிஸ் நிறுவனம் இங்கே காப்புரிமை கேட்டபோது, 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாகப் போய், 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. அப்போது அந்த நிறுவனத்தின் மாத்திரை மாதம் ஒரு லட்சத்துக்கு மேல். இந்தியத் தயாரிப்புகள் பத்தாயிரத்தை ஒட்டி. பிறகு விலை இன்னும் இறங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் 2015 முதல் இமாட்டினிப் இருக்கிறது.

கம்பெனி மாறினால் அட்டையின் நிறமும் மாத்திரையின் வடிவமும் மாறும், பயப்பட வேண்டாம். மி.கி. அளவை மட்டும் பாருங்கள். 100 மி.கி. மாத்திரை கொடுத்தால் நான்கு, 400 கொடுத்தால் ஒன்று. இந்தக் குழப்பத்தில் 100 மி.கி. ஒன்றை மட்டும் மாதக்கணக்கில் போட்டுவிடுபவர்களும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை எடுத்துவையுங்கள். அளவுப் பரிசோதனை மருத்துவமனைக்கு வெளியே எடுக்க வேண்டிவந்தால் சில ஆயிரம் ஆகும். திட்டத்தில் எது எது அடங்கும் என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேளுங்கள்.

வீட்டை விற்க வேண்டாம். எலும்பு மஜ்ஜை மாற்று என்பது இமாட்டினிப் போன்ற கைனேஸ் தடுப்பு மருந்துகள் பலிக்காதவர்களுக்கும், நோய் தீவிரக் கட்டத்துக்குத் தாவிவிட்டவர்களுக்கும்தான். இமாட்டினிப்புக்கு முன் இந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் அந்தக் கட்டத்துக்குப் போய்விடுவார்கள். இன்று ஒழுங்காக மாத்திரை போட்டு அளவு இறங்கியவர்களின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளை நெருங்கிவிட்டது. சரியாக முயற்சி செய்யாத ஒரு மாத்திரையைக் கைவிட்டு, உயிருக்கே ஆபத்துள்ள சிகிச்சைக்கு வீட்டை விற்றுப் போவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

நிறுத்தும் நாள் வராதா என்றால், சிலருக்கு வரும். பல ஆண்டுகள் தொடர்ந்து போட்டு, அளவு 0.01 சதவீதத்துக்குக் கீழே குறைந்தது இரண்டு ஆண்டு நிலைத்தவர்கள், மருத்துவரின் கண்காணிப்பில், தொடக்கத்தில் மாதா மாதம் அளவுப் பரிசோதனை செய்துகொண்டு நிறுத்திப் பார்க்கிறார்கள். அவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள், நோய் திரும்புகிறது; மாத்திரையை மறுபடி தொடங்கினால் அநேகமாக அடங்கிவிடும். 14 சதவீதத்தில் இருப்பவருக்கு இந்தப் பேச்சு இப்போது பொருந்தாது.

மணலி, எண்ணூர்ப் புகையைப் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது; மூச்சுக் கோளாறுகளுக்கு அது காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த நோய்க்கு உறுதியாகத் தெரிந்த வெளிக்காரணம் மிகுந்த கதிர்வீச்சு ஒன்றுதான். ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. பென்சீன் போன்ற ரசாயனங்கள் வேறு வகை ரத்தப் புற்றோடு தொடர்புள்ளவை. பெரும்பாலோருக்கு இது ஏன் வந்தது என்று சுட்டிக்காட்ட ஒன்றும் கிடைப்பதில்லை. அவர் செய்த எதனாலும் வந்தது அல்ல.

மார்ச் முதல் ஜூன் வரை

இன்றிலிருந்தே தினமும் மாத்திரை. மார்ச் பரிசோதனைக்கு ஊதா மூடியுள்ள இடிடிஏ குழாயில் ரத்தம் எடுப்பார்கள். அது அன்றே, அதிகபட்சம் இரண்டு நாளுக்குள் ஆய்வகம் சேர வேண்டும், தாமதமானால் அளவு தவறாக வரும். டிசம்பரில் எடுத்த அதே ஆய்வகத்திலேயே எடுங்கள். 1-க்கும் 10-க்கும் இடையில் வந்தால், மருத்துவரிடம் விடுபட்ட நாட்களைச் சொல்லி, முழு அளவில் மூன்று மாதம் போட்டபின் மறுபடி பார்க்கலாமா என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் அவர் வீட்டில்தான் இருப்பார். நீங்கள் கண்ணால் பார்த்து மாத்திரை போடவைக்க இதைவிட நல்ல காலம் வராது. ஜூன் நடுவில் வரும் முடிவு உண்மையில் மருந்து பலிக்கிறதா என்பதைச் சொல்லிவிடும். மார்ச்சிலேயே 10-க்கு மேல் வந்தால் ஜூன் வரை காத்திருக்கக் கூடாது. கைனேஸ் உருமாற்றப் பரிசோதனைக்கு மருத்துவர் எழுதுவார், அதன்படி மருந்து மாறும்.

தடைக்காலம் முடிந்து முதல் பயணத்துக்கு முன் ஒரு முழு ரத்த எண்ணிக்கை பார்த்துக்கொள்ளுங்கள். நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணு 1,000-க்குக் கீழோ, தட்டணு 50,000-க்குக் கீழோ இருந்தால் மருத்துவர் மாத்திரையைச் சில நாள் நிறுத்திவைப்பார். அந்த நாட்களில் கடலுக்குப் போக வேண்டாம். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஈறிலோ மூக்கிலோ நிற்காத ரத்தம், கறுப்பு மலம், கண் மஞ்சளாவது, மூச்சிரைப்பு இவற்றில் எது வந்தாலும் நடுக்கடலில் இருந்தாலும் படகைத் திருப்பச் சொல்லுங்கள். கரையேறியதும் ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போகலாம். கையில் மாத்திரை அட்டையும் கடைசி ரிப்போர்ட்டும் இருக்கட்டும்.